தப்பி ஓடிய ஒயின்

ஒரு பீப்பாயை மறந்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான்.

வருடம் 1936. இடம், வட இத்தாலியில் வெரோனா நகரத்தை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கும் வில்லா மொஸ்கோனி என்ற பழைய மாளிகை. மூன்று வருடம் முன்னால், 1933ல், அந்த வட்டாரத்துத் திராட்சைக்காரர்கள் சிலர் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் தொடங்கியிருந்தார்கள. மாளிகையின் நிலவறைதான் அவர்களுடைய ஒயின் கிடங்கு. கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அதெலினோ லுக்கேஸே.

ஒருநாள் அவர் கண்ணில் அந்தப் பீப்பாய் பட்டது. உள்ளே இருந்திருக்க வேண்டியது ரெச்சோட்டோ. தேன் மாதிரி இனிக்கும் சிவப்பு ஒயின். ஊருக்கே பெருமை சேர்த்த சரக்கு. எப்போதோ நிரப்பி வைத்ததை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். லுக்கேஸே கொஞ்சம் எடுத்து வாயில் விட்டார்.

இனிப்பு இல்லை. சுத்தமாக இல்லை. ஆனால் கெட்டுப்போன ருசியும் இல்லை. கனமாக, காட்டமாக, நாக்கை விட்டுப் போக மறுக்கிற ஏதோ ஒன்று.

'இது அமாரோ இல்லை, அமரோனே!' என்று அவர் கூவியதாகச் சொல்வார்கள்.

அமாரோ என்றால் கசப்பு. இத்தாலிய மொழியில் ஒரு சொல்லின் வாலில் 'ஓனே' சேர்த்தால் அது பெரிசாகிவிடும். லிப்ரோ என்றால் புத்தகம். லிப்ரோனே என்றால் தலையணை சைஸ் புத்தகம். அப்படிப் பார்த்தால் அமரோனே என்பது பெருங்கசப்பு. வேப்பங்காய்க் கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இனிப்பாக இருக்க வேண்டியது இனிக்கவில்லை என்றால், அதையே அந்த ஊரில் கசப்பு என்றார்கள்.

இன்றைக்கு உலகத்தின் விலை உயர்ந்த சிவப்பு ஒயின்களில் ஒன்று அமரோனே. அதன் பிறப்புக் கதை இதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரித்திரத்தில் எந்தப் பீப்பாயும் தனியாக உருண்டு வருவதில்லை. இந்தப் பீப்பாய்க்குப் பின்னால் குறைந்தபட்சம் 1,400 வருடம் நிற்கிறது. குடி குடியைக் கெடுக்கும். படித்தால் ஒன்றும் ஆகாது. வாருங்கள்.

*

வெரோனாவை நமக்குத் தெரியும். ரோமியோவும் ஜூலியட்டும் செத்துப்போன ஊர். அங்கிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம் போனால் மலையடிவாரம். அதன் பள்ளத்தாக்குகளுக்கு மொத்தமாக வால்பொலிசெல்லா என்று பெயர். 'பல நிலவறைகளின் பள்ளத்தாக்கு' என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். அறிஞர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட அர்த்தம் அல்ல. ஆனால் ஊரைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கும். மகாகவி தாந்தேயின் மகன் பியெத்ரோ 1353ல் நிலம் வாங்கியது இங்கேதான். அந்த வம்சத்தாரின் தோட்டம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

இங்கே விளையும் திராட்சைகளில் கொர்வினா, கொர்வினோனே, ரொண்டினெல்லா ஆகிய மூன்றும் முக்கியம். நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரியே பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுவது இங்கே பழைய வழக்கம். கொர்வினாவுக்குத் தோல் தடிமன். ஆனால் அதைப் பறித்த கையோடு பிழிந்தால் கிடைப்பது லேசான, சாதாரண ஒயின்தான். அன்றாடச் சாப்பாட்டுக்குச் சரி. ராஜாவுக்குக் கொடுக்க முடியுமா?

இதற்கு அந்தக்கால மனிதன் கண்டுபிடித்த வழி, காயவைப்பது. பழம் காய்ந்தால் தண்ணீர் போகும். இனிப்பு உள்ளேயே நிற்கும். கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேராத காலம் அது. தேனை விட்டால் இனிப்புக்குப் பழம்தான் கதி.

இது வெரோனாக்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பும் கிடையாது. பறித்த திராட்சையைப் பத்து நாள் வெயிலிலும் ஐந்து நாள் நிழலிலும் வை என்று கிரேக்கக் கவிஞர் ஹெசியட், கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 700 வருடம் முன்பே விவசாயிகளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். கார்த்தேஜ் நகரத்து மாகோ இதற்கான செய்முறையையே எழுதி வைத்தார். ரோமானியர்கள் கார்த்தேஜை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் மாகோவின் விவசாய நூலை மட்டும் பத்திரமாக எடுத்துப்போய் லத்தீனில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். காரியவாதிகள்!

வெயில் கொளுத்தும் தெற்கில் இது சுலபம். வெரோனாவில் திராட்சை அறுவடை முடிவதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடும். காலையில் பனிமூட்டம். வெயிலை நம்ப முடியாது. அதனால் அவர்கள் பழத்தை வீட்டுக்குள்ளே, நிழலில், குளிர்காற்றில் காயவைக்கப் பழகிக்கொண்டார்கள். அமரோனேயின் ரகசியம் மொத்தமும் இந்த நிழலில்தான் இருக்கிறது.

*

இதற்கு எழுத்தில் ஒரு சாட்சி உண்டு.

ரோமாபுரிப் பேரரசின் மேற்குப் பாதி விழுந்து, இத்தாலியை ஆஸ்ட்ரோகோத் அரசர்கள் ஆண்ட காலம். அவர்களிடம் உயர்ந்த பதவி வகித்த ரோமானியர் கசியோடோரஸ். நிறையப் படித்தவர். அவர் எழுதிய அரசாங்கக் கடிதங்கள் ஒரு தொகுப்பாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. 530களில் எழுதிய ஒரு கடிதத்தில், அரசரின் விருந்துக்கு வெரோனா பக்கத்து ஒயின் ஒன்றை உடனே வாங்கி அனுப்பச் சொல்லி வெனேத்தோ பகுதி அதிகாரிக்கு உத்தரவு போடுகிறார். பெயர் அசினாட்டிகம்.

சாதாரண உத்தரவாக இருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். ஆனால் மனிதர் ரசிகர். அரசரின் பந்தியில் அரிய பொருள்கள் இருந்தால்தான் வெளிநாட்டுத் தூதர்கள் மதிப்பார்கள் என்று ஆரம்பித்து, அந்த ஒயின் எப்படித் தயாராகிறது என்பது வரைக்கும் விவரிக்கிறார். வீட்டுப் பந்தல்களிலிருந்து நல்ல கொத்துகளாகப் பொறுக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். குளிர் வந்த பிறகுதான் அதிலிருந்து ரசம் இறங்க வேண்டும்.

டிசம்பர் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இது மகாராஜா தியோடரிக்குக்காக எழுதிய கடிதம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். தேதி ஒத்துவரவில்லை. தியோடரிக் இறந்தது 526ல். கசியோடோரஸ் இதை எழுதியது அதற்குச் சில வருடம் கழித்து, அவருக்குப் பின்னால் வந்தவர்களின் ஆட்சியில். போகட்டும். ராஜா மாறினாலும் ராஜாவின் ஒயின் மாறவில்லை.

*

சரி, எப்படித்தான் செய்கிறார்கள்?

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ அறுவடை. கொத்து கொத்தாகக் கையால் பொறுக்க வேண்டும். அடிபட்ட ஒரே ஒரு பழம் உள்ளே நுழைந்தாலும் போச்சு, பூஞ்சை பிடித்துப் பக்கத்துப் பழத்துக்கும் பரவிவிடும். நெருக்கமாகக் காய்த்த கொத்து ஆகாது. பழங்களுக்கு நடுவில் காற்று போக இடம் வேண்டும்.

பறித்த கொத்துகளை மாடி அறைகளில் நாணல் தட்டிகள் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். இந்தத் தட்டிகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெனேத்தோ ஒரு காலத்தில் பட்டுக்குப் பேர்போன பிரதேசம். கோடையில் இதே தட்டிகளில் பட்டுப்புழு வளரும். புழு போன பிறகு திராட்சை ஏறும். ஏழை விவசாயி எதையும் சும்மா வைத்திருக்க மாட்டான்.

அப்புறம் மூன்று நான்கு மாதம் காவல்தான். காற்று அடித்தால் ஜன்னலைத் திற. பனிமூட்டம் வந்தால் மூடு. அழுகினதைப் பொறுக்கிப் போடு. மொட்டை மாடியில் வத்தல் போட்டுவிட்டு, காக்காய்க்கும் மழைக்கும் பயந்து உட்கார்ந்திருக்கும் நம் பாட்டிகளுக்கு இந்தக் கவலை புரியும். இப்போது பல இடங்களில் மின்விசிறியும் ஈரப்பதத்தை அளக்கிற கருவியும் வந்துவிட்டன. கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். காயவைத்ததில் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், ஆவியாகிவிடும். பறித்த கையோடு பிழிந்தால் 100 கிலோ திராட்சையில் சுமார் 70 லிட்டர் ஒயின் எடுக்கலாம். இதில் அதிகபட்சம் 40 லிட்டர். அதற்கு மேல் எடுக்கச் சட்டமே அனுமதிக்காது. விலை ஏன் அப்படி எகிறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

நடு டிசம்பரிலோ ஜனவரியிலோ, சுருங்கிப்போன பழத்தை நசுக்கித் தொட்டியில் விடுவார்கள். இனிமேல் ஈஸ்ட்டின் ராஜ்யம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும். ஆல்கஹாலாக மாற்றும். ஆனால் காய்ந்த பழத்தில் சர்க்கரை ஏராளம். வெளியே கடுங்குளிர். ஆல்கஹால் ஏற ஏற அதுவே ஈஸ்ட்டுக்கு விஷம். ஒரு கட்டத்தில் ஈஸ்ட் களைத்துப்போய் நின்றுவிடும். கிடங்குக்காரரும் சும்மா இருக்கமாட்டார். ஒயினை அடிக்கடி ஒரு பீப்பாயிலிருந்து இன்னொரு பீப்பாய்க்கு மாற்றி, அடியில் படியும் ஈஸ்ட்டை அப்புறப்படுத்துவார். தின்னாமல் மிஞ்சின சர்க்கரைதான் இனிப்பு. அதுதான் ரெச்சோட்டோ.

பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. வெரோனா வட்டார வழக்கில் 'ரெச்சே' என்றால் காதுகள். திராட்சைக் கொத்தின் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் காது மாதிரி பிரிந்து நிற்கும் சின்னக் கொத்துகளுக்கு வெயில் அதிகம் கிடைக்கும். இனிப்பும் அதிகம். அவற்றைத் தேர்ந்தெடுத்துச் செய்ததால் ரெச்சோட்டோ.

*

இப்போது யோசித்துப் பாருங்கள். இத்தனை பாடுபட்டுச் செய்த ஒயினில், ஒரு வருடம் ஈஸ்ட் மட்டும் களைக்காமல் நின்று தின்றால்? குளிர் குறைவு, அல்லது கிடங்குக்காரர் பீப்பாயை மாற்ற மறந்துவிட்டார். சர்க்கரை மொத்தமும் தீர்ந்து ஆல்கஹால் 15, 16 சதவீதத்துக்கு ஏறிவிடும். இனிப்பு போயே போச்சு.

இதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'ரெச்சோட்டோ ஸ்காபா'. தப்பி ஓடிய ரெச்சோட்டோ. வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரு வருட உழைப்பு, ஒரு மாடி நிறையப் பழம், மூன்று மாதக் காவல். கடைசியில் கையில் கிடைத்ததோ யாரும் கேட்காத சரக்கு.

ஆக, 1936ல் நடந்தது புதிதே இல்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே வெரோனாவைச் சேர்ந்த அறிஞர் ஷிப்பியோனே மாஃபேய், இந்த வட்டாரத்தின் இனிப்பில்லாத ஒயினை 'அமாரோ' என்று குறிப்பிட்டிருக்கிறார். ஒயின் ஓடிப்போவது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். லுக்கேஸேவின் நிலவறையில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. ஓடிப்போன பிள்ளையை ஒருவர் நிமிர்ந்து பார்த்து, இதுவும் நம் பிள்ளைதான் என்று பெயர் வைத்தார். அந்தக் கூட்டுறவு சங்கமும் அந்தப் பெயரைச் சீட்டில் அச்சடித்துப் பாட்டிலில் ஒட்டியது.

ஒரு தவறுக்கும் ஒரு கண்டுபிடிப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம் சில சமயம் ஒரு பெயர்தான்.

*

பெயர் வைத்ததும் அமரோனே உலகத்தைப் பிடித்துவிட்டதா? இல்லை. உடனே யுத்தம் வந்தது. 1950களில்தான் அது வியாபாரத்துக்கென்று ஓரளவு வெளியே வந்தது. அப்போது உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் காயவைக்காத திராட்சையில் செய்த சாதா வால்பொலிசெல்லாதான். எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 1950ஆம் வருட நாவல் ஒன்றில் வெனிஸுக்கு வரும் அமெரிக்கக் கர்னல் அதைத்தான் குடிக்கிறார். பிறகு அந்த ஒயினையும் பெரிய பாட்டிலில் மலிவு விலையில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து பேரைக் கெடுத்துக்கொண்டார்கள்.

1968ல் இத்தாலிய அரசாங்கம் வால்பொலிசெல்லாவுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அமரோனேக்கும் கொடுத்தது. எப்படி? 'ரெச்சோட்டோ தெல்லா வால்பொலிசெல்லா அமரோனே' என்று. அதாவது, இன்னாருடைய மகன் இன்னார். தனியாக அடையாளம் கிடையாது.

1986ல் இடி விழுந்தது. வடமேற்கு இத்தாலியில், வால்பொலிசெல்லாவுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், மலிவு ஒயினில் போதை ஏற்றுவதற்காக மெத்தனால் கலந்துவிட்டார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள். பலருக்குக் கண் போனது. மெத்தனால் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இத்தாலிய ஒயின் என்றாலே உலகம் பயந்தது. ஏற்றுமதி சரிந்தது. மலிவாக விற்றுப் பிழைக்கிற காலம் முடிந்துவிட்டது என்று இத்தாலிக்குப் புரிந்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் நெக்ரார் மலையில் ஜுசெப்பே குவின்தரெல்லி என்ற விவசாயி, எதைப் பற்றியும் கவலைப்படாமல், ஒயினைப் பெரிய மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் தூங்கவைத்து, கையெழுத்து மாதிரி இருக்கும் சீட்டை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒயின் ரசிகர்கள் அவரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். 2012ல் அவர் இறந்தபோது வால்பொலிசெல்லாவின் பீஷ்மர் போனார் என்று உலகம் முழுக்க எழுதினார்கள்.

இன்னொரு விளம்பரமும் கிடைக்கவேண்டியது. கைநழுவிப் போனது. தாமஸ் ஹாரிஸ் 1988ல் எழுதிய 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில், நரமாமிசம் தின்னும் டாக்டர் ஹானிபல் லெக்டர் தன் 'விருந்து' பற்றிப் பேசும்போது அமரோனே குடித்ததாகத்தான் சொல்கிறார். 1991ல் படமாக வந்தபோது அந்தோணி ஹாப்கின்ஸின் வாயில் அது கியாந்தியாக மாறிவிட்டது. அமரோனே என்றால் ரசிகர்களுக்குத் தெரியாது என்பதால் மாற்றினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் காட்சிக்கு உலகமே உறைந்துபோனது. புகழ் கியாந்திக்குப் போனது. ஒரு விதத்தில் நல்லதுதான் என்று வால்பொலிசெல்லாக்காரர்கள் நினைத்திருக்கலாம்!

1990 டிசம்பரில் ரெச்சோட்டோ என்ற அப்பா பெயர் நீங்கி, அமரோனே தனிப்பெயராகச் சட்டத்தில் ஏறியது. 2009 டிசம்பரில் இத்தாலிய ஒயின் சட்டத்தின் மிக உயர்ந்த தகுதியும் கிடைத்தது. அந்த விதிகளில் ஒன்றைப் பாருங்கள். காயவைத்த திராட்சையை டிசம்பர் 1க்கு முன்னால் ஒயினாக்கக் கூடாது. விசேஷமான பருவநிலை என்றால்தான் விலக்கு.

டிசம்பர்! 1,400 வருடத்துக்கு முன்னால் கசியோடோரஸ் எழுதிய அதே மாதம்.

*

பெயர் வந்தது. பணம் வந்தது. பின்னாலேயே சண்டையும் வந்தது.

நல்ல விலை கிடைக்கிறது என்றதும் எல்லோரும் திராட்சையைக் காயவைக்க ஆரம்பித்தார்கள். மலைச்சரிவில் மட்டும் இருந்த தோட்டம் சமவெளிக்கும் இறங்கியது. 2009ல் பழைய ஒயின் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. சங்கத்தின் பெயரிலேயே அமரோனேயைச் சேர்த்துக்கொண்டன. தரத்தைக் காப்பாற்றத்தான் சேர்ந்தோம் என்றார்கள். வால்பொலிசெல்லா ஒயின்காரர்கள் அத்தனை பேருக்குமான பொது அமைப்பு எதிர்த்தது. கூட்டுறவு சங்கங்களுக்கு அதில் செல்வாக்கு அதிகம். அமரோனே ஊர்ச்சொத்து, சில வீட்டுச் சொத்தல்ல என்றது அந்த அமைப்பு. வழக்கு வெனிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 2017ல் தீர்ப்பு. அந்தப் பெயரைச் சங்கம் பயன்படுத்தக்கூடாது. 'வரலாற்றுக் குடும்பங்கள்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

குடும்பங்களின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எதையும் அளவுக்கு மிஞ்சிச் செய்தால் மலிந்துபோகும். ஏற்கெனவே ஒருமுறை மலிந்துபோய் அடிபட்ட ஊர் அது. ஆனால் சரித்திரத்துக்கு ஒரு குறும்பு உண்டு. அந்தப் பெயரைப் பாட்டிலில் முதலில் ஒட்டியது எந்தப் பழைய குடும்பமும் இல்லை. சாதாரண விவசாயிகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டுறவு சங்கம். யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு பீப்பாய்க்கு அவர்கள் வைத்த பெயருக்குத்தான் 80 வருடம் கழித்து அத்தனை பேர் சொந்தம் கொண்டாடிக் கோர்ட்டில் நின்றார்கள்.

ரெச்சோட்டோ என்ன ஆனது?

இருக்கிறது. ராஜாக்களின் பந்தியில் அமர்ந்த வம்சத்தின் வாரிசு, இன்றைக்கு ஒவ்வொரு கிடங்கிலும் கொஞ்சமே கொஞ்சம் தயாராகிறது. வாங்குகிறவர் குறைவு. இனிப்பு ஒயின் இப்போதைய மோஸ்தர் இல்லை. அதே மலை, அதே கொர்வினா, அதே மாடி அறை. காய்ந்த பழம் தொட்டிக்குள் போன பிறகு ஈஸ்ட்டைப் பாதியில் நிறுத்தினால் ரெச்சோட்டோ. நிறுத்தாமல் விட்டால் அமரோனே. அன்றைக்குக் கிடங்குக்காரரின் கவலை ஒயின் தப்பி ஓடிவிடக் கூடாதே என்பது. இன்றைக்கு அவருடைய கவலை, அது பாதி வழியில் நின்றுவிடக் கூடாதே என்பது.

ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்து வீட்டை ஆள்கிறான். ஒழுங்காக வீட்டிலேயே இருந்த பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.